முட்டினால் சொல்லுங்கள்

முட்டினால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா சிஸ்டர் உள்ளே போய்விட்டாள். எது முட்டினால் என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை, அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் மடியில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி, ஆனால் பஸ் வரும் திசை வெளியே இல்லை, அடிவயிற்றில். சென்னியப்பன் பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வாய் வாயாகக் குடித்தான். தண்ணீர் கசந்தது. மாதக்கணக்கில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தவனுக்கு இப்படிப் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பது ஏதோ விரதத்தை முறிப்பது போல இருந்தது. குடித்தது எங்கே போகிறது, தொண்டை தாண்டி, குடல் தாண்டி, ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் வடிந்து, சொட்டுச் சொட்டாக இறங்கி, அங்கே அந்தப் பையில் போய்க் கூடுகிறது, கூடட்டும், கூடுவதில் ஒரு சங்கடமும் இல்லை, விடுவதில்தான். நிரம்பியதும் உள்ளே கூப்பிடுவார்கள். வெள்ளைப் புனல் வைத்த ஒரு மெஷின். அதில் போனால் காகிதத்தில் ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். நல்ல மலையா, சப்பை மலையா என்று டாக்டர் பார்ப்பார். மலையே வராவிட்டால் குழாய். அதை ஜெசிந்தா காலையிலேயே சொல்லிவிட்டாள், சீட்டில் எழுதிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "வரலைன்னா இன்னைக்கே டியூப் போட்டு அட்மிட் பண்ணிருவாங்கண்ணா. கூட ஆரு வந்திருக்காங்க?" என்று. அவன் வந்துட்டிருக்காங்க என்றான். யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. "ஆள் இல்லாம அட்மிஷன் போட மாட்டாங்க, பார்த்துக்குங்க." பார்த்துக்கொண்டுதான் இருந்தான், வராந்தாக் கோடியில் இருந்த மெஷின் அறைக் கதவை, அதில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்ததை.

குளிர்சாதனம் நேராகத் தலைமேல் ஊதியது. இது என்ன குளிர், அவன் பார்க்காத குளிரா. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு குடோனில், விதைக்கிழங்கும் கேரட்டும் மூட்டை மூட்டையாகத் தூங்கும் அறைகளுக்கு அவன்தான் ராத்திரிக் காவல், காவல் என்றால் திருடனுக்காக இல்லை, சூட்டுக்காக. கம்ப்ரஸர் ஓடுகிறதா, அமோனியாக் குழாயில் பனி படிந்திருக்கிறதா, ஒவ்வொரு அறையிலும் முள் எங்கே நிற்கிறது, பார்த்து எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த சுற்று வரை அவனும் புஸ்தகமும். உக்கடத்துப் பழைய புஸ்தகக் கடையில் எடைக்குப் போட்ட தடித்த புஸ்தகம் அது, மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் படிப்பது, அட்டை இல்லை, முதல் அத்தியாயமும் இல்லை. ஒரு டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அதைக் கிண்டிக்கொண்டிருந்தான். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் கேட்டதில்லை. புரிந்தது கொஞ்சம், புரிந்த மாதிரி இருந்தது நிறைய. அதில் ரிசெப்டர் என்ற சொல்லைத் தமிழில் ஏற்பி என்கிறார்கள் என்று எங்கோ பார்த்துத் தெரிந்துகொண்ட ராத்திரி அவனுக்கு நினைவிருக்கிறது, ஏற்பி, ஏற்பி என்று கம்ப்ரஸர் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு செல்லின் தோல்மேலும் கதவுகள். ரத்தத்தில் ஒரு சேதி வருகிறது. சேதி ஒன்றுதான். பயம் வந்துவிட்டது, ஓடு என்பது சேதி. இதயத்தில் இருக்கும் கதவு அதைக் கேட்டுவிட்டு வேகமாக அடி என்கிறது. ரத்தக்குழாயில் இருக்கும் கதவு அதையே கேட்டுவிட்டு இறுக்கு என்கிறது. மூத்திரப்பையின் சுவரில் இருப்பது தளர்ந்து கிட என்கிறது, பையின் கழுத்தில் இருப்பதோ மூடு, இப்போது மூத்திரம் பெய்ய நேரமா என்கிறது. காரமடையில் அவன் வீட்டுக்குப் பக்கத்து மில்லில் சங்கு ஊதுவது மாதிரி. ஒரே சங்கு. அதைக் கேட்டுப் பூங்கொடி செருப்பை மாட்டுவாள். அதைக் கேட்டுத்தான் அவன் போர்வையை இழுப்பான். சங்கில் ஒன்றும் இல்லை, கேட்கிற காதில்தான் எல்லாம்.

பூங்கொடியை நினைக்கக் கூடாது என்று நினைத்திருந்தான். நினைத்தால் அவளிடம் சொல்லவில்லை என்பது வரும், சொல்லாததற்குக் காரணம் தேட வேண்டிவரும். மில்லில் அவளுக்குப் பகல், குடோனில் இவனுக்கு ராத்திரி. பையன் ஓசூருக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதே வாசல் பூட்டைப் பார்த்தால்தான் தெரியும். அவன் சைக்கிளை நிறுத்தும்போது அவள் பை மாட்டிக்கொண்டு படியிறங்குவாள், இட்டிலி மூடியிருக்குதுங்க, வரட்டுங்களா, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைப்பாள், அவன் தூங்குவான். அவள் படுத்து எழுந்த பாயில் அவன் படுப்பான், சூடு ஆறியிருக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு ஷிப்ட். இந்த உடம்புக்கும் இரண்டு ஷிப்ட் என்று அந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது, ஓடு என்று சொல்கிற நரம்பு ஒன்று, உட்கார் என்று சொல்கிற நரம்பு ஒன்று, இரண்டாவதன் சேதி வந்தால் இதயம் நிதானிக்கும், பை சுருங்கிப் பிழியும், கழுத்து திறக்கும். முதலில் அதைப் படித்தபோது எங்களைப் போல என்று சிரித்துக்கொண்டான். அப்புறம் இன்னொரு பக்கத்தில், இரண்டும் எப்போதும் வேலையில் இருக்கின்றன, ஒன்று ஏறும்போது மற்றது கொஞ்சம் இறங்கும், ஒன்று அடியோடு போய்விடுவது கிடையாது என்று இருந்ததைப் படித்துவிட்டுப் புஸ்தகத்தை மூடி வைத்தான். அன்றைக்கு அதற்குமேல் படிக்கவில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது, வாசற்படியிலா, மூத்திரம் போக மாட்டேங்குது புள்ள என்று, அவள் சங்குக்கு ஓடுகிற அவசரத்தில். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத்தான் இன்றைக்கும் வந்தான்.

"ஏனுங், நமக்கு எந்த ஊருங்?" என்றது பக்கத்திலிருந்த பெரியவர். ஆனைமலைக்காரர், திருமலைசாமி என்று தானாகவே சொல்லிக்கொண்டார். மடியில் மஞ்சப்பை. பையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வேட்டிக்குள் போயிற்று. சென்னியப்பன் பார்த்ததைப் பார்த்துவிட்டு அவர் பையை லேசாகத் தூக்கிக் காட்டினார். "பாத்துக்குங்க. ஜவுளிக்கடைப் பை, உள்ளுக்குள்ள நம்ம சரக்கு. கல்யாணத்துக்குப் போனப்ப மொய் கொண்டாந்திருக்கறேன்னு நெனச்சு ஒருத்தன் வாங்கி வெக்கப் பாத்தானுங்." எதிர்ப் பெஞ்சில் இருந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா, சும்மாருங்க" என்றாள். "இருக்கறேன், இருக்கறேன். அந்தக் காலத்துல மாட்டுக்கு நான் கயிறு கட்டுனேன். இப்ப எனக்குக் கட்டி, அதப் புடிச்சிட்டு இவுங்க எல்லாரும் பொறத்தாண்டியே வாராங்க. உங்களுக்குக் கூட ஆருங்?" வந்துட்டிருக்காங்க என்றான் மறுபடியும். பெரியவர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்பச் சரீங்" என்றார். அந்த அப்பச் சரீங்கில் எல்லாம் தெரிந்துவிட்டது போல இருந்தது. நெஞ்சு படபடத்தது. இது வேறு, இந்தப் படபடப்பு, ஒரு வருஷமாகவே இருக்கிறது, குடோனில் பாதி ராத்திரிக்குமேல் கம்ப்ரஸரைவிட இது சத்தமாக அடிக்கிறது என்று தோன்றும். போன மாதம் இங்கே கொடுத்த மாத்திரையைப் போட ஆரம்பித்தபின் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. மூத்திரப்பைக் கழுத்தைத் தளர்த்துகிற மாத்திரை, அதே கதவு ரத்தக்குழாயிலும் இருக்குதுல்ல, அதுவும் தளரும், மெதுவா எந்திரிங்க என்று டாக்டர் சொல்லித்தான் கொடுத்தார். குடோனில் ஒரு ராத்திரி தெரிந்தே எழுந்தான், தெரிந்தே சாய்ந்தான், பனி படிந்த குழாயைப் பிடித்து நின்றான், உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்படி விழுந்திருந்தால். காலையில் ஆள் வரும்வரை கிழங்கோடு கிழங்காகக் கிடந்திருக்கலாம், கெடாமல். வீட்டில் விழுந்தால் பூங்கொடி சாயங்காலம் வந்து பூட்டைத் திறப்பாள். இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான், எந்த நேரத்தில் விழுந்தால் யார் முதலில் பார்ப்பார்கள். எப்படிப் போட்டாலும் நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது.

முட்டியது. முட்டியதா என்று இரண்டு மூன்று தரம் உள்ளே கேட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாக எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு நின்று, இருட்டு விலகியதும் போய்ச் சொன்னான். ஜெசிந்தா கதவைத் திறந்து புனலைக் காட்டி, "நின்னுட்டுப் போங்க, ஆட்டாம அசங்காமப் போங்க, அவசரமே இல்லை" என்று கதவைச் சாத்தினாள். சாத்திய கதவு தாழ்ப்பாள் இல்லாததால் ஒரு விரல் அகலம் திறந்துகொண்டது. அந்த இடுக்கில் வராந்தாவின் வெளிச்சம், செருப்புகள், மஞ்சப்பை. அவன் நின்றான். நிரம்பி வலிக்கிறது, பை சொல்கிறது, கழுத்து கேட்கவில்லை. போ என்றான். யாரைப் போ என்பது, அது என்ன கையா, காலா, சொன்னால் கேட்க. கம்ப்ரஸரில் வால்வு மாட்டிக்கொண்டால் ஸ்பேனரால் தட்டலாம். நினைக்கக் கூடாது, நினைத்தால் வராது, நினைக்கக் கூடாது என்று நினைப்பதும் நினைப்புத்தான். குழாய், கட்டில், கூட ஆள், வந்துட்டிருக்காங்க. நெஞ்சு தடதடவென்று ஓடியது, கை சில்லிட்டது, இதோ கேட்டுவிட்டன, எல்லாக் கதவும் கேட்டுவிட்டன, இதயம் ஓடுகிறது, குழாய்கள் இறுகுகின்றன, கீழே மூடிவிட்டது. புலியா வந்துவிட்டது இங்கே. ஒரு பிளாஸ்டிக் புனல். "ஆச்சுங்களாண்ணா? பைப்பத் தொறந்து விடட்டுமா, சத்தம் கேட்டா வரும்." குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. வாளிதான் நிரம்பியது. நெற்றி வியர்த்து அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது பெரியவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னுங் கொஞ்சம் குடிங்க, கடைசியா ஒருக்காப் பார்க்கலாம்" என்றாள் ஜெசிந்தா. "ஆனா ஆளுக்கு இப்பவே போன் பண்ணிருங்கண்ணா."

ஆளுக்கு. பையனைக் கூப்பிடலாம், ஓசூரிலிருந்து வந்து சேர ராத்திரி ஆகும், வந்தும் அவன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது. சூப்பர்வைசர் மாரண்ணனைக் கூப்பிடலாம், குடோன் முழுக்கத் தெரிந்துவிடும், லோடுமேன்கள் பாட்டுக் கட்டிவிடுவார்கள். யோசித்து யோசித்துச் சுற்றி விரல் அதே பெயருக்குத்தான் வந்து நின்றது. மில்லுக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போவாள், அவசரம் என்றால் டைம் ஆபீஸ் நம்பர். அந்த நம்பருக்கு இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தரம்கூட அடித்ததில்லை. மணி போனது. யாரோ எடுத்தார்கள், பின்னால் நூற்கும் மெஷின்களின் இரைச்சல். பூங்கொடிங்க, ரிங் பிரேமு, நான் அவ வூட்டுக்காரரு பேசறேன். "என்னங்க, என்னாச்சு?" ஒண்ணுமில்லீங்க, கோயமுத்தூருக்கு வரச்சொல்லுங்க, என்று ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வைத்த பிறகுதான் ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னது உறைத்தது. ரிங் பிரேம் மெஷின்களுக்கு நடுவில் அந்தச் சேதி இப்போது நடந்துபோகிறது, யாரோ அவள் காதருகே குனிந்து கத்துகிறார்கள், அவள் கை நின்றுவிடுகிறது. ஓடு என்று அவளுக்குள்ளும் ஊதியிருக்கும். அவள் இதயம், அவள் குழாய்கள். திரும்ப அடித்து வேண்டாம் என்று சொல்லலாமா. அடித்தான். எடுக்கவில்லை.

மூக்கு ஒழுக ஆரம்பித்தது. இந்த ஏ.சி., இந்த நாளில் இது ஒன்றுதான் பாக்கி. கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. ஜெர்க்கினிலிருந்து எடுத்துப் போட்டிருந்த மாத்திரை அட்டை, பாதி காலி. குடோனில் அறைக்குள் போகுமுன் குரங்குக் குல்லா, ஜெர்க்கின், ஒரு டீ, ஒரு சிவப்பு மாத்திரை, இதுதான் முறை, சேர்ந்த அன்றைக்கு மாரண்ணன் சொல்லிக்கொடுத்தது. சுவிட்ச் போர்டு பக்கத்து ஆணியில் அட்டை அட்டையாகத் தொங்கும், வெற்றிலை மாதிரி யார் வேண்டுமானாலும் கிழித்துக்கொள்ளலாம். போட்டால் மூக்கு காய்ந்துவிடும், மூச்சு திறந்துகொள்ளும், பாதி ராத்திரியில் இன்னொன்று. ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பாட்டில் மூடியைத் திருகினான். "என்ன மாத்திரைங்கண்ணா அது?" ஜெசிந்தா கையில் ஃபைலோடு நின்றாள். "மாத்திரை இல்லீங் சிஸ்டர், சளிக்கு." "சளி மாத்திரையும் மாத்திரைதானுங்களே. குடுங்க இப்படி." அட்டையைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. "இதைத் தினமும் போடறீங்களா?" போடறேங். "எத்தனை நாளா?" சேர்ந்ததிலிருந்து, ஒரு வருஷமாக ரெண்டாக. "அப்புறம் வேற மாத்திரை எதுனா சாப்பிடறீங்களான்னு கேட்டப்ப இல்லைன்னு ஏண்ணா சொன்னீங்க?" அவன் உள்ளங்கையில் இருந்த சிவப்பைப் பார்த்தான். அதைப் போய் மாத்திரை என்று யார் சொல்வார்கள், டீயையும் குல்லாவையும் சொன்னானா. "மூக்கை அடைக்கறது கீழயும் அடைக்கும்ணா" என்றாள் ஜெசிந்தா. "டாக்டர் திறக்கறதுக்குக் குடுத்திருக்காரு, நீங்க மூடறதுக்குப் போட்டுட்டிருக்கீங்க." பெரியவர் அப்போதுதான் திரும்பினார். "ஒரே வண்டில முன்னாடி ஒரு மாடு, பின்னாடி ஒரு மாடு பூட்டியிருக்கீங்" என்றார்.

இளவயசு டாக்டர் ஒருவர் வந்து அட்டையைப் பார்த்தார், சிரிக்கவில்லை, லேசாகத் தலையாட்டினார். இதை நிறுத்துங்க, படபடப்பு இருக்குதுங்களா, அதுகூட இதனால இருக்கலாம், எதுக்கும் ஒரு ஈ.சி.ஜி. பார்த்திருவோம். இப்பக் கொஞ்சமாச்சும் போய்ட்டீங்கன்னா, ஸ்கேன்ல உள்ள ரொம்பத் தங்கலைன்னா, டியூப் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். போகாட்டி வேற வழியில்லை. அவர் போன பிறகும் சென்னியப்பன் அப்படியே உட்கார்ந்திருந்தான். புஸ்தகத்தில் அந்தப் பக்கத்தை எத்தனை ராத்திரி படித்தது. மூக்கின் உட்தோலில் நெருக்கமான ரத்தக்குழாய்கள், அவற்றை இறுக்கினால் வீக்கம் வடியும், அதே ஏற்பி, அதே பெயர், அடியில் பென்சில் கோடுகூடப் போட்டிருக்கிறான். கோடு போட்ட கையால்தான் ஆணியிலிருந்து அட்டையைக் கிழித்தான். புஸ்தகத்தில் இருக்கிற உடம்பு வேறு, ஜெர்க்கினுக்குள் இருக்கிற உடம்பு வேறு என்றே இருந்துவிட்டான், அதில் இருப்பது எல்லாருடைய உடம்பும், இவனுடையது தவிர. இவனுடையதற்குச் சாவு பயம் ஒன்றுதான் இருந்தது, அதை ஒரு வருஷமாகத் தனியாகச் சுமந்தான், யாரிடமாவது, எவரிடமாவது, வாயைத் திறந்து இப்படி இருக்கிறது என்று சொல்லியிருந்தால், அந்தச் சிவப்பு என்ன என்று அவர்கள் சாதாரணமாகக் கேட்டிருப்பார்கள். போன் அதிர்ந்தது. பூங்கொடி.

"எங்க இருக்கறீங்க?" பஸ் இரைச்சல். ஒண்ணும் பயமில்லை புள்ள, நீ திரும்பிப் போ, வேண்டாம்னு சொல்லத்தான் மறுபடி அடிச்சேன். "பஸ்ஸு துடியலூர் தாண்டிருச்சுங்க. இதுக்கு மேல எங்க திரும்பறது. என்ன, மூத்திரம் போகலீங்களா?" பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும் என்று பட்டது, போனைக் காதோடு அழுத்தினான். உனக்கு ஆரு சொன்னா. "ஆரு சொல்லோணும். தெனமும் காலைல சொம்பு நெறையத் தண்ணி வெச்சு மூடிட்டுப் போறேன். சாயந்தரம் வந்து பார்த்தா அப்படியே இருக்குது. வெயில் காலத்துலயும் அப்படியே இருக்குது. தண்ணி குடிக்காத மனுசன் எதுக்குக் குடிக்காம இருப்பான்னு எனக்குத் தெரியாதுங்களா, எங்கய்யனும் இப்படித்தான இருந்தாரு." கேட்டிருக்கலாமில்ல நீயி. "எப்பக் கேக்கறது? நீங்க வாறப்ப நான் போறேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பஸ்ஸில் கண்டக்டர் ஏதோ கத்தினார். "வெச்சுருங்க, சில்லறை குடுக்கோணும். மருந்து மாத்திரை சீட்டெல்லாம் எடுத்து வைங்க, நான் வந்து பார்க்கறேன்."

சொம்பு. ஒவ்வொரு நாளும் அவள் அதை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பியிருக்கிறாள். அவன் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது, மூடியிட்டு, கண்ணுக்கு நேராக. ராத்திரி முழுக்க அடுத்தவர் உடம்பின் கதவுகளைப் படித்துவிட்டு வந்து அந்தச் சொம்புக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறான். பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் குடித்தான், இந்தத் தரம் கசக்கவில்லை, அல்லது கசந்தது தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்தான். பெரியவரை உள்ளே கூப்பிட்டார்கள், மருமகள் மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். ஏ.சி. ஊதியது, மூக்கு ஒழுகியது, ஒழுகட்டும் என்று துண்டால் துடைத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தூக்கம் வேறு கண்ணை இழுத்தது, இது அவனுடைய ராத்திரி அல்லவா, போர்வையை இழுத்து மூடும் நேரம். அரைத் தூக்கத்தில் பஸ் ஒன்று மேட்டுப்பாளையம் ரோட்டில் வந்துகொண்டே இருந்தது. கவுண்டம்பாளையம். அப்புறம் சிக்னல். முட்டியது. இந்தத் தரம் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மெதுவாக எழுந்தான். புனலுக்கு முன்னால் நின்றான், கதவு பின்னால் ஒரு விரல் அகலம் திறந்துகொண்டது, திறந்திருக்கட்டும். ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சு ஓடத் தொடங்கியது, தொடங்கிப் பாதியில் நின்று, சற்றுப் பொறுத்து மறுபடி. வெளியே கவுன்ட்டரில் ஒரு செருப்புச் சத்தம் அவசரமாக வந்து நின்றது, பஞ்சு ஒட்டிய சேலையைத் தட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்டதா, அது அவனாக நினைத்துக்கொண்டதா. "காரமடை சென்னியப்பன்னு" என்றது குரல், மூச்சு வாங்கியது. காகிதங்கள் புரளும் சத்தம். "அவருதான். உள்ள டெஸ்ட்ல இருக்காரு. கூட வந்தது ஆருங்க?" வந்துட்டிருக்காங்க என்று அவன் வாய் முணுமுணுத்தது, பழக்கத்தில். "நாந்தானுங்க" என்றாள். "நல்லா எழுதிக்கோங்க. நான் இங்கயேதான் நிக்கறேன், ஒண்ணும் அவசரமில்லைன்னு அவருகிட்டச் சொல்லுங்க." எந்தக் கதவு, எந்த நரம்பு, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவன் தேடவில்லை. புனலின் பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒரு மெல்லிய சத்தம், நூல் மாதிரி, அறுந்து, முடிந்துகொண்டு, மறுபடி ஓடியது, பக்கத்தில் காகிதத்தின்மேல் முள் ஒரு சின்ன மேட்டில் ஏற ஆரம்பித்தது.